முதலாளிக்குப் போன் செய்வேன்: கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி கடைசியில், கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி ஐஸ் கம்பெனி நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அனுப்பியது. ஏழு குறைகளை எழுதி, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"எல்லாம் சரி பண்ணிட்டோம்னு ஒரு பதில் மட்டும் எழுதிக் கொடுங்க சார். மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

சிப்காட் ஆலை ஒன்றில் பல வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் நான். இப்போது சிறிய தொழிலகங்களுக்கு ஆய்வு, பதிவேடு, பயிற்சி வேலைகளில் உதவுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், ஆய்வாளருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றுதான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டும் என்று அப்போதைய தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 16 பேர் வேலை செய்யும் ஐஸ் கம்பெனியில் முதலாளிதான் எல்லாமே. கணக்கு, டீசல், கரண்ட் பில், படகுக்காரர்களின் கடன் பாக்கி எல்லாம் பார்த்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் அவர் சட்டத்தைப் படிக்க வேண்டும்.

"முதல்ல ஒரு தடவை பார்த்துட்டு எழுதலாம்ணே" என்றேன்.

நோட்டீஸில் இருந்த ஏழில் ஆறு, யாரும் எதிர்பார்க்கக்கூடியவைதான். கம்ப்ரசர் பெல்ட்டுக்குக் கூண்டு இல்லை. ஐஸ் அரைக்கும் கிரஷரின் வாய் திறந்திருக்கிறது. அழுத்தக் கலன்களின் சோதனைச் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. கேன் தூக்கும் ஹாய்ஸ்டுக்கு வருடாந்திரச் சோதனை செய்யவில்லை. சுவாசக் கருவி இல்லை. மிகைநேரப் பதிவேடு எழுதவில்லை. ஏழாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது: அமோனியா கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று இரவு ஷிப்டில் இருந்த தொழிலாளியிடம் ஆய்வாளர் கேட்டிருக்கிறார். "முதலாளிக்குப் போன் செய்வேன்" என்று அவர் பதில் சொன்னதாக அப்படியே எழுதப்பட்டிருந்தது.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மற்ற ஆறையும் பணம் இருந்தால் தீர்த்துவிடலாம். இதை எப்படித் தீர்ப்பது?

கடலூர்க்காரர்களிடம் ஆபத்தான தொழிற்சாலை எது என்று கேட்டால் கை சிப்காட் பக்கம்தான் நீளும். அதில் நியாயமும் இருக்கிறது. 2021 மே மாதம் அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். ஆனால் மீன் இறங்குகிற இடத்தில், வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் நடுவிலேயே, ஐஸ் கம்பெனிக் குழாய்களில் அமோனியா ஓடிக்கொண்டிருக்கிறது. திரவ அமோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். குழாய்க்குள் அது ஆவியாகும்போது சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்களை இறக்கி வைத்தால் 'பார்' என்கிற ஐஸ் கட்டி உறைந்து வரும். திரவம் வெளியே கொட்டினால் எண்ணூறு மடங்குக்கு மேல் வாயுவாக விரியும். 8 மணி நேர வேலைக்குக் காற்றில் 10 லட்சத்தில் 25 பங்கும், 15 நிமிடத்துக்கு 35 பங்கும்தான் தொழிற்சாலைகள் சட்டம் அனுமதித்த அளவு. 300 பங்குக்குப் போனால் உயிருக்கு உடனடி ஆபத்து.

முதல் நாள் மாலை போய்ப் பார்த்தேன். நோட்டீஸில் இல்லாத சிலவும் கண்ணில் பட்டன. திரவ அமோனியாவைச் சேர்த்து வைக்கும் கலனான ரிசீவரின் பாதுகாப்பு வால்வு திறந்தால் வாயு வெளியேற வேண்டிய குழாய், மெஷின் ரூமுக்குள்ளேயே முடிந்திருந்தது. அழுத்தம் ஏறி வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்தால், உள்ளே இருப்பவர் முகத்தில்தான் அடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனின் சுவிட்சும் உள்ளே. நோட்டீஸ் வந்ததும் அவசரமாக வாங்கிய இரண்டு முகமூடிகளும் கம்ப்ரசருக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கின. அந்த அறையில் அமோனியா நிரம்பினால், முகமூடி போடாமல் அந்த முகமூடியை எடுக்க முடியாது.

வடகிழக்கு மூலையில், படகுத்துறைப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்தது. பூட்டியிருந்தது. "ராத்திரியில பார் திருட்டுப் போகுது சார்" என்றார் முதலாளி. சாவி அவர் வீட்டில்.

இரண்டாவது நாள்தான் முக்கியமான செய்தி கிடைத்தது. கம்ப்ரசர் ஆபரேட்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். டீ குடிக்கும்போது அவர் வலது கண்ணை அடிக்கடி துடைப்பதைப் பார்த்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு வருடம் முன்பு ஆயில் எடுக்கும்போது அமோனியா முகத்தில் அடித்திருக்கிறது. ஆறு நாள் வேலைக்கு வரவில்லை. கண் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் முதலாளி கொடுத்துவிட்டார். எங்கேயும் எழுதப்படவில்லை.

ஆயில் எடுப்பது என்பது ஐஸ் கம்பெனியில் வாடிக்கையான வேலை. கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் அமோனியாவோடு சேர்ந்து போய்க் கலன்களின் அடியில் தங்கும். அடியில் உள்ள வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் முதலில் ஒன்றும் வராது. வால்வை இன்னும் கொஞ்சம் திறப்பார்கள். அடைப்பு சட்டென்று விட்டதும் எண்ணெயோடு அமோனியாவும் பாயும். அந்த நேரத்தில் வால்வை மூட அவரால் நிற்க முடியாது, ஓடத்தான் முடியும். ஓடினால் வால்வு திறந்தபடி கிடக்கும். அமோனியா காரம் என்பதால் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உடனே, குறைந்தது 15 நிமிடமாவது, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கண் பிழைக்கும். அவர் கழுவியது ஒரு வாளித் தண்ணீரில்.

இதற்குத் தீர்வு ஒரு சின்னச் சாமான். ஏற்கெனவே உள்ள வால்வுக்கு அடுத்து, ஸ்பிரிங் வைத்த இன்னொரு வால்வு. கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் திறந்திருக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பயந்து ஓடினாலும், மயங்கி விழுந்தாலும் மூடிவிடும். சில ஆயிரம் ரூபாய்தான். ஆபரேட்டரிடம் அதைக் கையில் கொடுத்துக் காட்டியபோது அவர் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது அப்பவே இருந்திருந்தா..." என்றவர் மேலே பேசவில்லை. இந்த ஒரு வால்வுக்காகவே இந்த ஆய்வை எழுத வேண்டும் என்று நினைத்தேன். அமோனியா வைத்திருக்கும் யார் இதைப் படித்தாலும், முதலில் அவர்கள் ஆயில் வடிக்கும் இடத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

அப்புறம் அந்தப் பழைய விபத்து. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆவது பிரிவு அது. முதலாளி பயந்துவிட்டார். "நாமளே போய்ச் சொல்லி நாமளே மாட்டிக்கணுமா சார்?" என்றார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. சட்டத்தை மீறினால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே என்று அதே சட்டத்தின் 92-ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அதை மறைத்துப் பதில் எழுத என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆயில் வால்வை ஏன் மாற்றினோம் என்ற கேள்விக்கு உண்மையான பதில் அந்த ஆபரேட்டரின் கண்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுக்கவே வெறும் காகிதமாகிவிடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுதுங்க சார்" என்றார். எழுதினோம். ஆய்வாளர் தாமதமாகவாவது அறிக்கை கொடுக்கச் சொல்லி, எச்சரிக்கையாகப் பதிந்துவிட்டு விட்டார். எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட விபத்தையும் தானே சொன்ன விபத்தையும் எந்த ஆய்வாளரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

பதிலில் தேதி போட்டு வேலைத் திட்டம் கொடுத்தோம். இயந்திரங்களை நிறுத்திச் செய்ய வேண்டியதையெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்கு வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் தேவை குறைவு. ஆய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கூண்டு, கதவு, முகமூடி போன்றவற்றுக்குத் தடைக்காலம் வரை பொறுக்க முடியாது, ஒரு வாரத்தில் முடியுங்கள் என்றார். அவர் சொன்னது சரி.

பெல்ட்டுக்குக் கம்பி வலைக் கூண்டு ஒரே நாளில் முடிந்தது. கிரஷர் அப்படி முடியவில்லை. முன்பே ஒருமுறை மூடி போட்டிருக்கிறார்கள். பார் சிக்கிக்கொள்கிறது என்று தொழிலாளர்களே கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். மறுபடியும் அதே மூடியை மாட்டி, கழற்றாதே என்று எழுதி ஒட்டியிருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. படகு காத்துக்கொண்டிருக்கும்போது சிக்கிய பாரைக் காலால் உதைக்கத்தான் செய்வார்கள். வெல்டரை வரவழைத்து, பார் சறுக்கி இறங்க நீளமான தகரச் சாய்வு ஒன்றைச் செய்தோம். வாயிலிருந்து பற்கள் வரை உள்ள தூரம் ஒரு ஆளின் கை நீளத்தைவிட அதிகம். சாய்வு அதிகமாகி முதல் தடவை பார் உடைந்து சிதறியது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. கோணத்தைச் சொன்னது பார் தள்ளும் தொழிலாளிதான், நானோ வெல்டரோ இல்லை.

பாதுகாப்பு வால்வின் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினோம். கம்ப்ரசரை நிறுத்தும் சிவப்பு பட்டன், ஃபேன் சுவிட்ச், முகமூடிப் பெட்டி மூன்றும் வாசலுக்கு வெளியே வந்தன. இயக்ககம் அங்கீகரித்த தகுதி பெற்ற நபரை அழைத்து அழுத்தக் கலன்களையும் ஹாய்ஸ்டையும் சோதித்தோம். கலன்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சோதனை உண்டு, ஹாய்ஸ்டுக்கு 12 மாதம். அடுத்த தேதிகளை ஃபைலில் வைக்காமல் கலன் மேலேயே பெயின்டால் எழுதிவிட்டோம்.

கூரை வேலையின்போது முதலாளி ஒன்று சொன்னார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அந்தக் கூரை முழுக்கப் பறந்துவிட்டதாம். அன்று அமோனியா என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதை யாரு சார் அன்னிக்கு நினைச்சா?" என்றார். அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் அமோனியா முழுவதையும் ரிசீவருக்குள் இழுத்து வால்வை மூடிவிட்டுத்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அவசரத் திட்டத்தில் சேர்த்தோம். வங்கக் கடலோரத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு இது எழுதாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்கே முதலில் தோன்றவில்லை.

தடைக்காலத்தில் ஒரு நாள் சொல்லாமல் போனேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு, இரண்டு பேர் உள்ளே இறங்கித் துரு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். 230 வோல்ட் குண்டு பல்பு, ஒட்டுப் போட்ட ஒயர், கீழே ஈரம். வாயுச் சோதனை இல்லை, மேலே ஆள் இல்லை. உடனே வெளியே வரச் சொன்னேன். அப்படிப்பட்ட தொட்டிக்குள் கையில் கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். தொட்டிக்குள் ஓடுவது அமோனியாக் குழாய். சுரண்டும்போது துருப்பிடித்த இடம் ஓட்டையானால் ஏறி வர நேரம் இருக்காது. நோட்டீஸில் இது இல்லை, ஏனென்றால் ஆய்வாளர் வந்தபோது தொட்டி நிறைந்திருந்தது. வருடத்தில் பத்து நாள் மட்டும் நடக்கும் வேலை எந்த ஆய்விலும் சிக்காது. அதை நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சுவாசக் கருவி விஷயத்தில் எனக்கும் முதலாளிக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. காற்றை வடிகட்டித் தரும் கேனிஸ்டர் முகமூடி, கொஞ்சமாகக் கசியும்போது வெளியே ஓடி வர உதவும், அவ்வளவுதான். நிரம்பிய அறைக்குள் போய் வால்வை மூட வேண்டுமென்றால் முதுகில் காற்று உருளை கட்டும் கருவிதான் வேண்டும். இரண்டு செட் வாங்கினார். வாங்கிய பிறகு, "இனிமே யாரு வேணா உள்ள போயி மூடிடலாம்ல?" என்றார். கூடாது என்றேன். போனால் இரண்டு பேராகப் போக வேண்டும், இருவரும் பயிற்சி எடுத்தவர்களாக இருக்க வேண்டும். இரவில் ஒரே ஓர் ஆபரேட்டர்தான் இருக்கிறார். ஆகவே இரவில் யாரும் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று பட்டனை அழுத்து, ஃபேனைப் போடு, காற்று வரும் திசைக்குப் போ, தீயணைப்புக்குச் சொல். பழைய அறிவிப்புப் பலகையில் "உடனே உள்ளே சென்று வால்வை மூடவும்" என்று இருந்தது. அதை நானே கையால் கழற்றினேன்.

எந்தத் திசைக்குப் போவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தொழிலாளர்கள். எல்லாரும் கூடும் இடம் என்று மேற்கு வாசலைக் குறித்திருந்தேன், ரோடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முன்பு கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் இப்போது அங்கே பார் ஏற்றுகிறார். அவர் சொன்னார்: "மத்தியானம் கொண்டல் அடிக்கும் தம்பி. வாடையெல்லாம் அங்கதான் போவும், நீ ஆளையும் அங்கயே அனுப்புறியே." பகலில் கடலிலிருந்து காற்று, இரவில் தரையிலிருந்து காற்று, மழைக்காலத்தில் வடக்கிலிருந்து வாடைக்காற்று. அவர் சொன்னபடி இரண்டு இடம் குறித்தோம். ஒன்று மேற்கு வாசல், இன்னொன்று வடகிழக்கு மூலைக் கதவு. அதன் பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டோம். கூரையில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஒன்று, இரவிலும் தெரிய அதன் மேல் ஒரு விளக்கு.

பணியாளர்களில் நாலு பேர் ஒடிசாக்காரர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் எழுத்தை நம்பாமல் நிறத்தை நம்பினோம். மூட வேண்டிய வால்வுகளின் சக்கரத்துக்குச் சிவப்பு, எண் போட்ட தகடு, சுவரில் படம். மாதம் ஒருமுறை, அதுவும் இரவு ஷிப்டில், ஒத்திகை.

மிகைநேரப் பதிவேடுதான் கடைசி வரை இழுத்தது, இன்னும் முழுதாக முடியவில்லை. 12 மணி நேர ஷிப்ட் இரண்டு என்று காலம் காலமாக ஓட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் போனாலும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனாலும் அப்போதைய சட்டப்படி இரட்டைச் சம்பளம். இன்னொரு ஆபரேட்டரைச் சேர்த்து, கம்ப்ரசருக்கு மட்டும் 8 மணி நேர ஷிப்ட் மூன்றாக மாற்றினார். களைத்துப்போன ஆபரேட்டர் கையில் அமோனியாவைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். பார் ஏற்றுகிறவர்களுக்குச் சீசனில் இப்போதும் நேரம் கூடுகிறது. பதிவேட்டில் எழுதி இரட்டையாகக் கொடுக்கிறார், எல்லா மாதமும் முழுதாக என்று சொல்ல மாட்டேன்.

2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும் அவரே போன் செய்தார். "மின்சாரம் வெச்சு ஓட்டுனாலும் இருபது பேருக்குக் கீழ இருந்தா ஃபாக்டரி இல்லையாமே சார்?" ஃபாக்டரி என்ற சொல்லுக்கான எண்ணிக்கை 10-லிருந்து 20 ஆகியிருப்பது உண்மை. ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் அந்தத் தொகுப்புக்குள் வரும். உயிருக்கு ஆபத்தான தொழில் என்றால் ஒரே ஆள் இருந்தாலும் அரசு கொண்டுவரலாம். "சரி, அப்ப எதையும் கழட்ட வேணாம்" என்றார். கழற்றும் எண்ணம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

முந்தைய கதைக்கு வருகிறேன். 2023 தடைக்காலம் முடிந்து ஜூலையில் மறு ஆய்வு வந்தது. காகிதங்களைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு ஆய்வாளர் நேராகப் பார் ஏற்றும் இடத்துக்குப் போய், ஒடிசாப் பையன் ஒருவனிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவன் பேசவில்லை. நடந்து போய்ப் பட்டனைத் தொட்டான், ஃபேன் சுவிட்சைத் தொட்டான், அண்ணாந்து துணிப்பையைப் பார்த்தான், வடகிழக்குக் கதவுக்கு வெளியே போய் நின்றான். ஏழாவது குறை அன்றே தீர்ந்தது என்று நினைத்தேன்.

2024 அக்டோபரில் ஓர் இரவு, இரண்டு மணி வாக்கில் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாக நிஜமாகவே கசிந்தது. வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தி, ஃபேனைப் போட்டு, எல்லாரும் வடகிழக்குக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்கள். யாரும் உள்ளே போகவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் முதல் போன் முதலாளிக்குத்தான் போனது. அவர் தூக்கத்தில் எடுக்கவில்லை. மூன்றாவது அழைப்பில் எடுத்து, அவர் சொன்ன பிறகுதான் தீயணைப்புக்குப் போன் போயிருக்கிறது. பதினொரு நிமிடம். கசிவு சின்னது என்பதால் பிழைத்தோம்.

மறுநாள் அந்தப் பையனிடம் கேட்டேன், ஒத்திகையில் சரியாகச் செய்தாயே என்று. "ஃபயர் வண்டி வந்தா முதலாளிக்குப் பிரச்சனை ஆகும்ல சார்" என்றான். ஒத்திகையில் நிஜமாக வண்டி வராது. எந்த வால்வு, எந்தக் கதவு என்று எல்லாம் சொல்லிக்கொடுத்த நான், அவரைக் கேட்காமல் வண்டியைக் கூப்பிடலாம் என்ற அனுமதியைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவனும் நானில்லை.

முதலாளியிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்பு பட்டனுக்கு மேலே, தன் கையெழுத்திலேயே, கோணல் மாணலாக எழுதினார்: "முதல் போன் 101. என்னைக் கேட்க வேண்டாம்." கீழே கையெழுத்தும் போட்டார். அதற்கும் கீழே அந்தப் பையன் அதையே ஒடியாவில் எழுதியிருக்கிறான்.